கல்லூரி பாஸ் ரஷரை எடைபோடுவது எப்படி? என்எஃப்எல் ட்ராஃப்ட் பார்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் அணிகள் கல்லூரி வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் ஏப்ரல் மாத ட்ராஃப்ட் நெருங்க நெருங்க, எனக்கு வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் பாஸ் ரஷர்களைப் பற்றியவைதான். பன்னிரண்டு சேக் எடுத்தவர் ஏன் மூன்றாம் சுற்றுவரை காத்திருக்கிறார், ஒன்றரை சேக் எடுத்தவரை ஏன் முதல் சுற்றிலேயே தூக்குகிறார்கள் என்று ஒவ்வொரு வருடமும் யாராவது கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். வருடக்கணக்கில் கல்லூரி ஆட்டங்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்ததில் எனக்குப் பிடிபட்டதை இங்கே எழுதியிருக்கிறேன். என் நம்பிக்கை ஒன்றுதான்: முதல் முயற்சி தடுக்கப்பட்ட பிறகு ஒரு பாஸ் ரஷர் என்ன செய்கிறார் என்று பார்த்தால், அவரைப் பற்றித் தெரிய வேண்டியதில் பாதி தெரிந்துவிடும்.

முதலில், பாஸ் ரஷர் என்பவர் யார்?

எதிரணியின் தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் பந்தை எறிவதற்குள் அவரை எட்டுவதே வேலையாக உள்ள டிஃபென்ஸ் வீரர். எறியும் முன் அவரை, பந்து கிளம்பிய கோட்டுக்குப் பின்னால் வீழ்த்தினால் சேக். இருவர் சேர்ந்து வீழ்த்தினால் ஆளுக்கு அரை. வீழ்த்த முடியாவிட்டாலும் துரத்தி, அவசரமாக எறிய வைத்தால் அது பிரஷர். வரிசையின் ஓரத்தில் நின்று இதைச் செய்பவரை எட்ஜ் என்பார்கள். நடுவில் நிற்கும் பெரிய உடம்புக்காரர்களும் குவார்ட்டர்பேக்கைத் துரத்துவார்கள், ஆனால் அவர்களை எடைபோடும் முறை வேறு. இங்கே பேசுவதெல்லாம் எட்ஜ் பற்றியே. அவருக்கு எதிரே நின்று குவார்ட்டர்பேக்கைக் காப்பவர் டேக்கிள். பெரும்பாலும் 300 பவுண்டுக்கு மேல் எடை, நீண்ட கை. இந்த இருவருக்கும் இடையே இரண்டரை, மூன்று நொடி நடக்கும் மல்லுக்கட்டுதான் நாம் படிக்கப் போகும் பாடம்.

இந்த ஒரு இடத்துக்கு ஏன் இவ்வளவு விலை?

2025 ஆகஸ்டில் டல்லஸ் கவ்பாய்ஸிடமிருந்து மைக்கா பார்சன்ஸை வாங்க, கிரீன் பே பேக்கர்ஸ் இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகளையும் டிஃபென்ஸ் வரிசையின் நடுவில் நிற்கும் கென்னி கிளார்க் என்ற அனுபவமுள்ள வீரரையும் கொடுத்தது. அதற்கு மேல் பார்சன்ஸுக்கு 4 வருடத்துக்கு 188 மில்லியன் டாலர் ஒப்பந்தம். குவார்ட்டர்பேக் அல்லாத எவருக்கும் அதுவரை அப்படியொரு சம்பளம் கிடைத்ததில்லை. அதே கோடையில் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் டி.ஜே. வாட்டுக்கு வருடத்துக்கு 41 மில்லியன் என்று கையெழுத்திட்டது.

ட்ராஃப்டில் எடுத்தால் அதே வேலைக்கு நான்கு வருடம் அதில் சிறு பங்குதான் செலவு. முதல் சுற்றில் எடுத்தவரை ஐந்தாவது வருடமும் அணி தன் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அணிகள் ஏன் இந்த இடத்தில் இவ்வளவு துணிகின்றன என்று புரியும்.

கல்லூரியில் நிறைய சேக் எடுத்தவர் என்எஃப்எல்லிலும் எடுப்பார் அல்லவா?

எடுக்கலாம். டெரல் சக்ஸ் 2002இல் அரிசோனா ஸ்டேட் அணிக்காக ஒரே சீசனில் 24 சேக் எடுத்தார். ட்ராஃப்டுக்கு முந்தைய சோதனையில் அவருடைய 40 யார்டு ஓட்டம் மெதுவாக இருந்ததும் அணிகள் தயங்கின. பால்டிமோர் ரேவன்ஸ் 10ஆவதாக எடுத்தது. முதல் வருடமே 12 சேக், சிறந்த புதுமுக டிஃபென்ஸ் வீரர் விருது, ஓய்வு பெறும்போது மொத்தம் 139. எல்விஸ் டூமர்வில் 2005இல் லூயிவில் அணிக்காக 20 எடுத்தார். உயரம் ஆறடிக்கும் குறைவு என்பதால் நான்காம் சுற்றுக்குத் தள்ளப்பட்டவர், என்எஃப்எல்லில் 105.5 சேக்கோடு முடித்தார்.

இப்போது வெர்னன் கோல்ஸ்டனைப் பாருங்கள். 2007இல் ஒஹாயோ ஸ்டேட்டில் 14 சேக். உடற்கட்டும் ஓட்டமும் பளு தூக்கலும் கண்ணைப் பறித்தன. 2008இல் நியூயார்க் ஜெட்ஸ் 6ஆவதாக எடுத்தது. மூன்று சீசன், 45 ஆட்டம், ஒரு சேக்கூட இல்லை.

ஆகவே எத்தனை சேக் என்று கேட்டதோடு நின்றுவிடக் கூடாது. ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். டேக்கிளைத் தாண்டிப் போய் எடுத்தது எத்தனை? யாருமே தடுக்காமல் விட்டதால் கிடைத்தது எத்தனை? எறிய ஆள் கிடைக்காமல் குவார்ட்டர்பேக் நாலைந்து நொடி பந்தை வைத்துக்கொண்டு நின்றதால் வந்தது எத்தனை? பக்கத்து ஆள் விரட்டியதால் குவார்ட்டர்பேக் தானாகவே இவர் கையில் வந்து விழுந்தது எத்தனை? பத்து சேக் எடுத்த ஒருவரை இப்படிப் பிரித்தால், தன் திறமையால் வென்றது நான்குதான் என்று தெரியவரும் நாட்கள் உண்டு. அந்த நான்குதான் என்எஃப்எல்லுக்குக் கூட வரும்.

பக்கத்தில் நிற்பவர்கள் எவ்வளவு முக்கியம்?

மிகவும். 2019 ட்ராஃப்டை யாரும் மறக்கக் கூடாது. கிளெம்சன் அணியின் கிளெலின் ஃபெரலை ரைடர்ஸ் 4ஆவதாக எடுத்தது. அவரோடு அதே வரிசையில் நின்ற கிறிஸ்டியன் வில்கின்ஸ், டெக்ஸ்டர் லாரன்ஸ் இருவரும் அதே முதல் சுற்றில் போனார்கள். நடுவில் அப்படி இரண்டு மலைகள் நின்றால், ஓரத்தில் நிற்பவரை இரட்டையாகத் தடுக்க எதிரணிக்கு ஆள் மிஞ்சாது. ஃபெரல் முதல் வருடம் 4.5 சேக் எடுத்தார்.

அதே ட்ராஃப்டில் அதே ரைடர்ஸ் 106ஆவதாக ஒருவரை எடுத்தது. ஈஸ்டர்ன் மிச்சிகன் என்ற சிறிய கல்லூரியின் மேக்ஸ் கிராஸ்பி. எதிரணி ஒவ்வொரு வாரமும் அவர் ஒருவரை மனதில் வைத்தே திட்டம் போட்டு வந்திருக்கும். முதல் வருடம் 10 சேக். அதன் பிறகு அந்த அணியின் முகமே அவர்தான்.

சேக்கை நம்ப முடியாதென்றால் எந்த எண்ணைப் பார்க்க வேண்டும்?

பிரஷர் விகிதம். ஒருவர் பாஸ் ரஷ் செய்த ஒவ்வொரு நூறு முறையிலும் எத்தனை முறை குவார்ட்டர்பேக்கைத் தொந்தரவு செய்தார் என்பது. ஒரு கல்லூரி சீசனில் பத்து சேக் என்பது பெரிய எண்ணிக்கை. ஆனால் பத்து நிகழ்ச்சியை வைத்து ஒருவரைக் கணிப்பது, பத்து பந்து பார்த்துவிட்டு ஒரு மட்டையாளரைக் கணிப்பது போலத்தான். பிரஷர் என்றால் நாற்பது, ஐம்பது, அறுபது என்று கிடைக்கும். அதில்தான் ஒரு வடிவம் தெரியத் தொடங்கும்.

ஜாரட் வெர்ஸ் இதற்கு அண்மைய உதாரணம். ஆல்பனியில் தொடங்கி ஃபுளோரிடா ஸ்டேட்டுக்கு வந்தவர், 2024இல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் 19ஆவதாக எடுத்தது. முதல் சீசனில் 4.5 சேக்தான். ஆனாலும் சிறந்த புதுமுக டிஃபென்ஸ் வீரர் விருது அவருக்கே போனது. ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அதில் ஆச்சரியமே இல்லை. டேக்கிள்களை அவர் பின்னால் தள்ளிக்கொண்டே போன விதத்தை சேக் கணக்கு காட்டவில்லை, அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கை. கல்லூரியில் பந்து கைக்கு வந்த உடனே எறியும் நகர்வுகள் (பந்து அசைவதிலிருந்து விசில் வரை நடப்பது ஒரு நகர்வு) மிக அதிகம். அவற்றில் உலகின் சிறந்த பாஸ் ரஷராலும் ஒன்றும் செய்ய முடியாது. எனவே குவார்ட்டர்பேக் நிஜமாகவே பின்வாங்கி நின்று எறிந்த நகர்வுகளை மட்டும் தனியாக எடுத்து விகிதம் பார்ப்பது நல்லது.

டேப், அதாவது ஆட்டப் பதிவு, பார்க்கும்போது கண் எங்கே இருக்க வேண்டும்?

பந்தின் மேல் இருக்கவே கூடாது. இதற்குப் பழக வேண்டும். டிவியில் பார்க்கும்போது கண் தானாகவே பந்தின் பின்னால் ஓடும்.

நான் செய்வதைச் சொல்கிறேன். மூன்றாவது டவுன் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது), 8 யார்டு வேண்டும், எறியப் போகிறார்கள் என்று அரங்கில் எல்லோருக்கும் தெரியும். அப்படிப்பட்ட ஒரே நகர்வை நான்கு முறை ஓட விடுவேன்.

முதல் முறை கால்கள். பந்து அசைந்ததும் இவர் அசைகிறாரா, பக்கத்து ஆள் அசைந்ததைப் பார்த்து அசைகிறாரா? முதல் மூன்று அடியில் எவ்வளவு தரையை விழுங்குகிறார்? முதல் அடி பின்னால் போகிறதா? கல்லூரியில் பலருக்கு முன்கால் ஒரு முறை பின்னால் தட்டிவிட்டுத்தான் கிளம்பும். அந்தத் தட்டலை என்எஃப்எல் டேக்கிள் பரிசாக எடுத்துக்கொள்வார்.

இரண்டாவது முறை கைகள். டேக்கிள் பின்வாங்கிச் சறுக்கியபடி இரு கைகளையும் மார்பை நோக்கிக் குத்துவார். அந்தக் கை பட்டுவிட்டால் பாதி ஆட்டம் முடிந்தது. நல்ல பாஸ் ரஷரின் கை அதற்குச் சற்று முன்பே கிளம்பும். டேக்கிளின் மணிக்கட்டை வெட்டித் தள்ளுவார், அல்லது அக்குளுக்கு அடியில் தன் கையை விட்டு மேலே கிழித்துக்கொண்டு போவார், அல்லது நீச்சலில் கை வீசுவது போல மேலாகத் தாண்டுவார். எந்த வித்தை என்பது முக்கியமில்லை. கைக்கும் காலுக்கும் ஒரே நேரத்தில் வேலை நடக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். கால் ஓடி முடித்த பிறகு கை யோசிக்கத் தொடங்கினால் அது தாமதம்.

மூன்றாவது முறை இடுப்புக்குக் கீழே. டேக்கிளின் தோளைத் தாண்டியதும் குவார்ட்டர்பேக்கை நோக்கி வளைய வேண்டும். இதை வளைவு என்பார்கள். உள்தோள் தரையை நோக்கித் தாழ்ந்து, கணுக்கால் மடிந்து, ஓட்டம் குறையாமல் ஒரு வில்லைப் போல வளைகிறாரா? அல்லது நேராக நிமிர்ந்து நாலடி அதிகம் ஓடி, குவார்ட்டர்பேக்கின் முதுகுக்குப் பின்னால் போய் நிற்கிறாரா? அந்த நாலடிக்குள் பந்து கையை விட்டுப் போயிருக்கும். வான் மில்லரின் பழைய ஆட்டங்களில் இந்த வளைவைப் பார்த்தால், மனித உடம்பு இந்தக் கோணத்தில் விழாமல் எப்படி ஓடுகிறது என்று வியப்பாக இருக்கும். இதைப் பயிற்சியில் கொஞ்சம் மெருகேற்றலாம். இல்லாதவருக்கு உண்டாக்க முடியாது என்பதே என் எண்ணம்.

நான்காவது முறை, தடுக்கப்பட்ட பிறகு. என்னைக் கேட்டால் மொத்தத்தில் மதிப்பு மிக்கது இதுதான். டேக்கிளின் கை மார்பில் உட்கார்ந்துவிட்டது. இப்போது என்ன? சிலர் அப்படியே சாய்ந்துகொண்டு தள்ளுமுள்ளு நடத்துவார்கள், விசில் ஊதும் வரை. சிலர் அந்தக் கையை அடித்து இறக்கிவிட்டு உள்பக்கமாக வெட்டுவார்கள். சிலர் முதுகைக் கொடுத்துச் சுழன்று மறுபக்கம் வருவார்கள். 2002இல் சிராக்யூஸ் கல்லூரியிலிருந்து வந்த டுவைட் ஃபிரீனி அந்தச் சுழற்சியை வைத்தே ஒரு தலைமுறை டேக்கிள்களைத் தூங்கவிடாமல் செய்தார். உயரம் போதாது என்று பேசப்பட்டவர், 125.5 சேக், 2024இல் சாதனையாளர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இடம்.

கல்லூரியில் வேகம் மட்டுமே போதும். ஆட்டத்துக்கு ஆட்டம் ஒரே வித்தையால் பலவீனமான டேக்கிளைத் தாண்டிவிடலாம். என்எஃப்எல்லில் முதல் மாதத்திலேயே அந்த வித்தை டேப்பில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். இரண்டாவது வித்தை இல்லாதவர் அங்கே நின்றுபோகிறார்.

கம்பைன் சோதனைகள் எதற்கு உதவும்?

ட்ராஃப்டுக்கு வரும் வீரர்களைச் சோதிக்க இண்டியானாபொலிஸில் பிப்ரவரி இறுதியில் தொடங்கும் கம்பைன் முகாமில் எல்லாம் அளப்பார்கள். எட்ஜுக்கு நான் மூன்றைப் பார்ப்பேன். 40 யார்டு ஓட்டத்தின் முதல் 10 யார்டு நேரம். நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டுதல், ஏனென்றால் அது வெடித்துக் கிளம்பும் சக்தியைக் காட்டும். மூன்று கூம்புகளைச் சுற்றி வளைந்து ஓடும் சோதனை, ஏனென்றால் அதில் வளைவு தெரியும். டி.ஜே. வாட் அதை 6.79 நொடியில் ஓடினார், கிராஸ்பி 6.89, எய்டன் ஹட்சின்சன் 6.73. ஏழு நொடிக்குள் ஓடும் 250 பவுண்டு ஆளை நான் இன்னொரு முறை டேப் போட்டுப் பார்ப்பேன். முழு 40 யார்டு நேரம் எனக்கு அவ்வளவு பொருட்டில்லை. அவ்வளவு தூரம் ஓடித்தான் குவார்ட்டர்பேக்கைப் பிடிக்க வேண்டுமென்றால் ஏற்கெனவே காரியம் கெட்டுவிட்டது. 225 பவுண்டு பளுவை எத்தனை முறை தூக்கினார் என்பதும் அப்படித்தான். கோல்ஸ்டன் 37 முறை தூக்கினார்.

கம்பைனை நம்பி மோசம் போன கதை மைக் மாமுலாவிலிருந்து தொடங்குகிறது. பாஸ்டன் காலேஜ் வீரர். சோதனைகளுக்கென்றே தனியாகப் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்து அசத்தினார். 1995இல் பிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அவருக்காக 12ஆவது இடத்திலிருந்து 7ஆவது இடத்துக்கு ஏறியது. ஐந்து சீசனில் 31.5 சேக் எடுத்தார், உபயோகமில்லாத வீரர் என்று சொல்வது நியாயமில்லை. ஆனால் இடம் மாறிக்கொண்ட டாம்பா பே அணி அந்த 12ஆவது தேர்வில் வாரன் சாப்பையும், பிறகு 28ஆவதாக டெரிக் புரூக்ஸையும் எடுத்தது. இருவருமே இன்று ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார்கள்.

அதற்காகச் சோதனையே வீண் என்று நினைக்க வேண்டாம். மைல்ஸ் கேரட் 2017இல் 272 பவுண்டு எடையோடு 4.64 நொடியில் ஓடி, நின்ற இடத்தில் 41 அங்குலம் எம்பினார். டெக்சஸ் ஏ அண்ட் எம் டேப்பிலும் அதே வெடிப்பு இருந்தது. இரண்டும் ஒத்துப்போனால் யோசிக்க வேண்டியதே இல்லை. டேப்பில் பார்த்ததைச் சோதனை உறுதிப்படுத்த வேண்டும். டேப்பில் பார்க்காததைச் சோதனை காட்டினால், அந்த வேகம் ஆட்டத்தில் எங்கே போனது என்று கேட்க வேண்டும்.

கை நீளத்தைப் பற்றி ஏன் இவ்வளவு சண்டை?

டேக்கிளின் கை நீளமாக இருந்தால் அவர் முதலில் தொடுவார், அதனால்தான். பல அணிகள் 33 அங்குலத்தை ஒரு கோடாக வைத்துப் பேசுகின்றன. ஹட்சின்சனின் கை 32 அங்குலத்துக்குச் சற்றே மேல். 2022இல் இதை வைத்து நடந்த விவாதத்துக்கு அளவே இல்லை. லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் 52இல் குவார்ட்டர்பேக் டாம் பிரேடியின் கையிலிருந்து பந்தைத் தட்டிவிட்ட பிராண்டன் கிரகாமின் கையும் நீளமானதல்ல.

கை குட்டையானவர் வெல்லலாம், வழிதான் வேறு. மார்புக்கு மார்பு மோதாமல், டேக்கிளின் கையை முதலில் அடித்து இறக்க வேண்டும். தோளின் ஒரு பாதியை மட்டுமே குறியாகக் கொடுக்க வேண்டும். குள்ளமாக இருந்தால் அதுவே கீழிருந்து தூக்க வசதி. ஆகவே கை குட்டை என்று தெரிந்ததும் டேப்பில் அவர் கைச்சண்டையை இன்னும் கவனமாகப் பார்ப்பேன். கைச்சண்டையும் சுமார், கையும் குட்டை என்றால் முதல் சுற்றில் தொட மாட்டேன்.

2022இல் ஜாக்சன்வில் அணி முதல் தேர்வில், ஹட்சின்சனை விட்டுவிட்டு டிராவன் வாக்கரை எடுத்தது தவறா?

இன்றும் கேட்கிறார்கள். ஹட்சின்சன் மிச்சிகனில் கடைசி சீசனில் 14 சேக். வாக்கர் ஜார்ஜியாவில் 6. ஆனால் வாக்கர் 272 பவுண்டு எடையோடு 4.51 நொடியில் ஓடியவர், கை நீளம் 35.5 அங்குலம். ஜார்ஜியாவின் டிஃபென்ஸிலிருந்து அந்த ஒரு முதல் சுற்றில் மட்டும் ஐந்து பேர் போனார்கள். அங்கே வாக்கரைப் பல ஆட்டங்களில் உள்ளே நகர்த்தி, எதிரணி பந்தோடு ஓடுவதை அடைக்கும் வேலைக்கு வைத்திருந்தார்கள். குவார்ட்டர்பேக்கை விரட்டு என்று கட்டவிழ்த்து விட்ட நேரம் குறைவு. அணியின் தர்க்கம் இதுதான்: வாய்ப்பே கொடுக்காதவரை எண்ணிக்கையால் தண்டிக்கக் கூடாது. அந்தத் தர்க்கத்தில் தவறில்லை.

முதல் வருடம் ஹட்சின்சன் 9.5, வாக்கர் 3.5. இரண்டாம் வருடம் 11.5, 10. மூன்றாம் வருடம் வாக்கர் 10.5, ஹட்சின்சன் கால் முறியும் முன் வெறும் 5 ஆட்டத்தில் 7.5. வாக்கர் நல்ல வீரர், ஏமாற்றம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் முதல் தேர்வை நான் ஹட்சின்சனுக்கே கொடுத்திருப்பேன். கல்லூரியிலேயே அவரிடம் இரண்டாவது வித்தை, மூன்றாவது வித்தை எல்லாம் இருந்தது. டேக்கிள் வெளியே சாய்ந்ததும் உள்ளே வெட்டுவார், உள்ளே காத்தால் வெளியே. வாக்கரிடம் அது பிறகு வளர வேண்டியிருந்தது.

உடம்பு அபாரம், சேக் மட்டும் இல்லை. இப்படிப்பட்டவரை எடுக்கலாமா?

டேனியல் ஹண்டர் எல்எஸ்யூ கல்லூரியில் கடைசி வருடம் எடுத்தது 1.5 சேக். 2015இல் மினசோட்டா வைக்கிங்ஸ் மூன்றாம் சுற்றில் 88ஆவதாக எடுத்தது. 2018இல் 14.5, 2019இலும் 14.5. அவரை நான் அன்று ஒதுக்கியிருந்தேன். அது தவறு. ஏன் தவறினேன் என்று பிறகு டேப்பைத் திரும்பப் பார்த்தேன். எட்டிப் பிடிக்கும் நேரத்தில் கைவிட்டுப்போன நகர்வுகள் பல இருந்தன. அருகில் போயிருக்கிறார், முடிக்கத் தெரியவில்லை. அப்போது அவருக்கு வயது இருபது. முடிப்பதைக் கற்றுக்கொடுக்கலாம், அருகில் போவதைக் கற்றுக்கொடுப்பது கடினம்.

2025இல் சின்சினாட்டி பெங்கால்ஸ் 17ஆவதாக எடுத்த ஷெமார் ஸ்டூவர்ட் இதே வகை. டெக்சஸ் ஏ அண்ட் எம்மில் மூன்று சீசனிலும் தலா 1.5, மொத்தம் 4.5 சேக். 267 பவுண்டு எடையில் 4.59 நொடி. இப்படிப்பட்டவரை எடுப்பதை நான் எதிர்க்கவில்லை, விலையைத்தான் பார்க்கிறேன். ஹண்டரை மூன்றாம் சுற்றில் எடுத்தார்கள். காத்திருந்து பயிற்சி கொடுக்க அங்கே பொறுமை இருந்தது. முதல் சுற்றில் எடுத்தவரிடம் ரசிகரும் முதலாளியும் செப்டம்பரிலேயே சேக் கேட்பார்கள்.

சிறிய கல்லூரி வீரரை எப்படி நம்புவது?

பெரிய அணியோடு ஆடிய ஓரிரண்டு ஆட்டங்களைத் தேடுங்கள். பஃபலோ பல்கலைக்கழகத்தின் கலீல் மேக் 2013 சீசனின் முதல் ஆட்டத்தில் ஒஹாயோ ஸ்டேட்டுக்கு எதிராக 2.5 சேக் எடுத்தார், பந்தை இடைமறித்து டச்டவுனும் அடித்தார். அதன் பிறகு அவர் எந்தக் கல்லூரி என்று யாரும் கேட்கவில்லை. 2014இல் 5ஆவது தேர்வு. அந்த மாதிரி ஆட்டம் கிடைக்காவிட்டால், ஜனவரி இறுதியையொட்டி அலபாமாவின் மொபைல் நகரில் நடக்கும், ட்ராஃப்டுக்கு வரும் கல்லூரி வீரர்களுக்கான சீனியர் பவுல் காட்சி ஆட்டத்தின் பயிற்சியைப் பாருங்கள். ஆட்டத்தைவிட அந்த வாரப் பயிற்சிதான் விஷயம். ஒருவருக்கு ஒருவர் என்று நிறுத்தி மோத விடுவார்கள். அது பாஸ் ரஷருக்குச் சாதகமான பயிற்சி, பக்கத்தில் உதவிக்கு யாரும் வர மாட்டார்கள். அதனால் முதல் வெற்றியைக் கொண்டாடாதீர்கள். முதல் நாள் தோற்ற அதே டேக்கிளிடம் கடைசி நாள் வேறு ஏதாவது முயன்றாரா என்று பாருங்கள்.

வயதைக் கணக்கில் எடுக்க வேண்டுமா?

வேண்டும். 20 வயதுப் பையன் 23 வயது டேக்கிளைத் தள்ளுவதும், 24 வயதுக்காரர் 19 வயதுப் பையனைத் தள்ளுவதும் ஒன்றல்ல. பள்ளி முடித்து மூன்று வருடமானால் ட்ராஃப்டுக்கு வரலாம். கொரோனாவால் 2020 சீசன் கல்லூரி வீரர்களின் வருடக் கணக்கில் சேர்க்கப்படாததால் அதன் பிறகு சில வருடம் மூத்த வீரர்கள் நிறையப் பேர் வந்தார்கள். ஐந்தாவது, ஆறாவது வருடத்தில்தான் முதல்முறையாக சேக் எண்ணிக்கை ஏறியிருந்தால், எதிரே நின்றவர்களின் வயதையும் பாருங்கள்.

காயம்?

மருத்துவ அறிக்கை நம் கைக்கு வராது, அணிகளுக்கு மட்டுமே தெரியும். வெளியில் தெரிந்ததை வைத்துச் சொன்னால், லயாட்டு லாட்டு வாஷிங்டனில் கழுத்துக் காயத்தால் ஆட்டத்தையே விட்டுவிடச் சொல்லப்பட்டவர். பிறகு யூசிஎல்ஏ கல்லூரியில் மீண்டு வந்து 2023இல் 13 சேக் எடுத்தார். 2024இல் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் 15ஆவதாக எடுத்தது, அந்த ட்ராஃப்டின் முதல் டிஃபென்ஸ் வீரர் அவர்தான். டேவிட் ஒஜாபோவுக்கு நேர்ந்தது வேறு. மிச்சிகனில் ஹட்சின்சனோடு மறு ஓரத்தில் நின்று 11 சேக் எடுத்தவர், 2022 மார்ச்சில் என்எஃப்எல் அணிகளுக்குக் காட்டக் கல்லூரி நடத்தும் ப்ரோ டே பயிற்சியில் குதிகால் தசைநார் அறுந்தது. முதல் சுற்று நழுவி, 45ஆவதாக ரேவன்ஸுக்குப் போனார். ஒரு நாள் பயிற்சியில் அந்தப் பையன் இழந்ததை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

பந்தோடு ஓடுபவரைத் தடுக்கத் தெரியாவிட்டால் பரவாயில்லையா?

முதல் சுற்றுக்குப் பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். ஓரத்தில் தள்ளப்பட்டால் எதிரணி நாள் முழுக்க அந்தப் பக்கமே ஓடும். மூன்றாவது டவுனுக்கு மட்டும் களத்துக்கு வருபவராகிவிடுவார்.

நானே பார்க்கத் தொடங்க வேண்டும். எந்த ஆட்டத்தில் தொடங்கட்டும்?

2021 நவம்பர் 27, ஆன் ஆர்பர், மிச்சிகனுக்கு எதிராக ஒஹாயோ ஸ்டேட். மிச்சிகன் 42-27 என்று வென்ற ஆட்டம். ஹட்சின்சன் அன்று 3 சேக் எடுத்தார். ஒஹாயோ ஸ்டேட்டின் இரு டேக்கிள்களும், நிக்கலஸ் பெட்டி-ஃப்ரேர், டவாண்ட் ஜோன்ஸ், பின்னர் ட்ராஃப்டில் தேர்வானவர்கள். ஆகவே எதிரி சும்மா என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

அந்த மூன்று சேக்கையும் முதலில் ஒதுக்கி வையுங்கள். அவற்றை எல்லோரும் பார்த்தாகிவிட்டது. குவார்ட்டர்பேக் சி.ஜே. ஸ்ட்ரௌட் பந்தை எறிந்து முடித்த மற்ற நகர்வுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள்: முதலில் என்ன முயன்றார், எப்படித் தடுக்கப்பட்டார், அதன் பிறகு என்ன செய்தார். மூன்றாவது பத்தியில் எத்தனை வரி காலியாக இருக்கிறது என்று எண்ணுங்கள். பிறகு இந்த வருட ட்ராஃப்டில் உங்களுக்குப் பிடித்த பையனின் ஆட்டம் ஒன்றை எடுத்து அதே தாளின் மறுபக்கத்தில் எழுதுங்கள்.